ஆசிய நாடுகளின் கடல் பாதுகாப்புக் கூட்டணிகள்: நம்ம கரைப் போட்டுக்கு இதில் என்ன இருக்கு?

நீரோடி ஸ்ராங்க்

எல்லாருக்கும் வணக்கம். நான் நீரோடியில படகு ஓட்டுற ஸ்ராங்கா 26 வருஷம் சுறாவுக்கும் சூரைக்கும் தங்கல், அதாவது பல நாள் கடல்லயே தங்கிப் பிடிக்கப் போனவன். மூட்டு போயிட்டதால மூணு வருஷமா கரையில இருக்கேன், போட்டை மருமகன் ஓட்டுறான். கரையில இருக்கிறவனுக்கு டிவி பார்க்க நேரம் உண்டு. குவாட் என்கிறாங்க, ஷாங்காய் அமைப்பு என்கிறாங்க, கொழும்பு பாதுகாப்பு மாநாடு என்கிறாங்க. எல்லாத்துலயும் "இந்தியப் பெருங்கடல் பாதுகாப்பு"ன்னு ஒரு வார்த்தை வருது. நான் ஆயுசுல பாதி கிடந்த கடல் அது.

ஒரு ராத்திரி சொல்றேன். மினிக்காய்க்குத் தெக்கே, எட்டு டிகிரி சானல். கயிறு போட்டுட்டு கஞ்சி குடிச்சிட்டுப் படுத்தாச்சு. ஒருத்தன் மட்டும் முழிச்சிருக்கான். கிழக்கே ஒரு வெளிச்சம், பின்னால இன்னொண்ணு, அதுக்குப் பின்னால இன்னொண்ணு. கொழும்பு, மலாக்கா பக்கமிருந்து வர்ற கப்பல் எல்லாம் அந்த வழிதான். விடியறதுக்குள்ள 40 எண்ணினோம். அதுல ஒண்ணு எங்க கயிறு மேலேயே ஏறிப் போச்சு. விடிஞ்சு பார்த்தா பாதிக் கயிறும் தூண்டிலும் இல்லை. ரேடியோவில கூப்பிட்டோம், பதில் இல்லை. எங்க வி.எச்.எஃப் ரேடியோ எட்டுறது 20 மைல், வானம் நல்லா இருந்தா 25. கரை 200 மைலுக்கு அப்பால. யார்கிட்ட சொல்ல?

படிச்சவங்க இந்த இழையில நிறைய பேர் இருக்கீங்க. இத்தனை நாடு கூடிக் காக்கிற கடல்ல, நடுக்கடல்ல நிக்கிற நீரோடிப் போட்டை யார் கணக்குல எழுதியிருக்காங்க? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

புலியூர்க்குறிச்சி மாணவன்

வணக்கம் அண்ணே. சிவில் சர்வீஸுக்குப் படிக்கிறேன், என் பாடம்தான் இது. ஒண்ணொண்ணா வர்றேன்.

குவாட்: இந்தியா, அமெரிக்கா, ஜப்பான், ஆஸ்திரேலியா. 2007இல் முதல் பேச்சு, அப்புறம் உறங்கி 2017இல் மறுபடி எழுந்தது. ஷாங்காய் ஒத்துழைப்பு அமைப்பு 2001இல் சீனா, ரஷ்யா, மத்திய ஆசிய நாடுகள் சேர்ந்து தொடங்கியது. நாம 2017இல் சேர்ந்தோம், பாகிஸ்தானும் அதே நாள். கொழும்பு பாதுகாப்பு மாநாடு 2011இல் இந்தியா, இலங்கை, மாலத்தீவு என்று மூணு நாட்டோட தொடங்கியது. 2022இல் மொரிஷியஸும் 2024இல் வங்கதேசமும் வந்தன.

இதெல்லாம் ஏன்னா, சீனா வருது அண்ணே. 2017இல் ஜிபூட்டியில் தளம் திறந்தாங்க. அதே வருஷம் அம்பாந்தோட்டைத் துறைமுகம் 99 வருஷக் குத்தகைக்குப் போச்சு. 2022 ஆகஸ்டில் யுவான் வாங் 5 என்ற ஆய்வுக் கப்பல் அங்கே வந்து நின்றது. ஏவுகணையின் பாதையைத் தொடரக்கூடிய கப்பல் அது. கன்னியாகுமரியில் நின்று தெற்கே பார்க்கிறவனுக்கு இது டெல்லியில் இருக்கிறவனை விடக் கிட்டத்து விஷயம். முதல்ல நாடு பத்திரமா இருக்கணும், அப்புறம்தான் போட்டு.

பாறசாலை வாத்தியார்

தம்பி சொன்னதில் அம்பாந்தோட்டைக் கவலை புதுசு இல்லை. நம்ம குளச்சல் கடற்கரையில் ஒரு வெற்றித்தூண் நிற்கிறதே, அதை எத்தனை பேர் நின்று படித்திருப்போம்? 1741இல் டச்சுக் கம்பெனியின் படை அங்கே இறங்கியது. எங்கிருந்து வந்தது? இலங்கையிலிருந்து. மிளகு வாணிபம் திருவிதாங்கூர் ராஜா மார்த்தாண்ட வர்மா கைக்குப் போகிறது என்றதும் கொழும்பிலிருந்து கப்பல் கிளம்பிவிட்டது. இலங்கைக் கரையில் யார் கால் ஊன்றினாலும் அதன் நிழல் முதலில் விழுவது குளச்சலில்தான். 280 வருஷமாக மாறாத பூகோளம் இது.

அந்தப் போரில் தோற்ற டச்சுத் தளபதி டிலனாய், தம்பியின் ஊர் உதயகிரிக் கோட்டையில்தான் புதைந்திருக்கிறார். கல்லறையில் லத்தீன் எழுத்தும் உண்டு, தமிழ் எழுத்தும் உண்டு. பிடிபட்ட அந்நியனையே தன் படைக்குப் பயிற்சி கொடுக்க வைத்தார் மார்த்தாண்ட வர்மா. எதிரி என்று ஒதுக்காமல் அவனிடம் என்ன வாங்கலாம் என்று பார்த்த ஆட்சி அது.

செவிவழிக் கதை ஒன்றும் இருக்கிறது. அன்றைக்கு முக்குவ மீனவர்கள் துடுப்பைத் துப்பாக்கி மாதிரித் தோளில் சாய்த்துக் கரை நெடுக நின்றார்களாம், கப்பலில் இருந்தவன் பெரிய படை என்று நினைக்க. ஆவணத்தில் அதைத் தேடவேண்டியதில்லை. ஆனால் அந்தக் கதையை இந்தக் கரை இன்னும் ஏன் சொல்லிக்கொண்டிருக்கிறது? ராஜாவின் போரில் எங்களுக்கும் பங்கு உண்டு, எங்களையும் எழுதுங்கள் என்றுதான். ஸ்ராங்க் இன்று கேட்பதும் அதையேதான்.

பூவார் கப்பல்காரன்

நான் சரக்குக் கப்பலில் சீஃப் ஆபீசர். ஸ்ராங்க் அண்ணே, உங்கள் கயிற்றின் மேல் ஏறிய கப்பலின் பிரிட்ஜில் நின்றிருந்தவன் என் மாதிரி ஒருத்தன்தான். அந்த வருத்தத்தோடுதான் எழுதுகிறேன். இரும்புப் போட்டு ராடாரில் விழும். கடல் கொந்தளிப்பில் மரப்போட்டு விழாது. இருக்கும் இடத்தைத் தானாக அறிவிக்கும் ஏ.ஐ.எஸ் கருவியும் இல்லாவிட்டால் அந்தப் போட்டு எங்கள் திரையில் கிடையவே கிடையாது.

பலருக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். சோமாலியாக் கொள்ளையர் பயத்தில் கப்பல் கம்பெனிகளின் சங்கங்கள் கடலில் ஒரு கோடு போட்டு "ஆபத்து மிகுந்த பகுதி" என்று அறிவித்திருந்தன. 2010 வரை அந்தக் கோடு 65 டிகிரி கிழக்கில் இருந்தது, அரபிக்கடல் நடுவில். அந்த வருஷம் அதை 78 டிகிரிக்கு நகர்த்தினார்கள். கன்னியாகுமரி இருப்பது 77½. ஒரே நாளில் நம் மீன்பிடிக் கடல் முழுக்கக் கொள்ளையர் கடல் ஆகிவிட்டது!

விளைவு என்ன தெரியுமா? கப்பல்கள் கொள்ளையருக்குப் பயந்து இந்தியக் கரையை ஒட்டி ஓட ஆரம்பித்தன. மேல்தட்டில் துப்பாக்கிக் காவலர். எதிரே வருவது மீன்போட்டா கொள்ளையன் போட்டா என்று தெரியாத வெளிநாட்டான். 2012 பிப்ரவரி 15ஆம் தேதி என்ரிகா லெக்சி என்ற இத்தாலியக் கப்பலிலிருந்து நம் மீனவர்களைச் சுட்டது அந்தச் சூழலில்தான். இந்தியா திரும்பத் திரும்பக் கேட்ட பிறகு, 2015 கடைசியில்தான் கோடு 65க்குத் திரும்பியது.

எங்கேயோ ஒரு மேஜையில் பாதுகாப்புக்காகப் போட்ட கோடு. அந்த மேஜையில் மீன்பிடிக்கிறவன் சார்பாக ஒருத்தனும் இல்லை.

நீரோடி ஸ்ராங்க்

தம்பி, அந்தக் கோட்டு விஷயம் இன்னைக்குத்தான் எனக்குத் தெரியும். 2011, 12ல திடீர்னு கப்பல் எல்லாம் ஏன் கரைக்குள்ள வருதுன்னு நாங்க எங்களுக்குள்ள பேசியிருக்கோம். காரணம் சொல்ல ஆள் இல்லை.

செத்தது ரெண்டு பேர். ஒருத்தர் கொல்லத்துக்காரர், இன்னொருத்தன் இரவிபுத்தன்துறைப் பையன், 20 வயசுதான் இருக்கும். எங்க ஊர்லேர்ந்து நடந்து போற தூரம். அடக்கத்துக்கு நானும் போனேன். வேற ஒண்ணும் எழுத மனசு வரல்ல.

வழக்கு ஹேக் நகரத்து சர்வதேச நடுவர் மன்றம் வரைக்கும் போச்சு. கடைசியில 2021ல 10 கோடி நஷ்டஈடு வாங்கி உச்ச நீதிமன்றம் முடிச்சு வச்சுது. சுட்டவங்க மேல இங்க விசாரணை நடக்கல்ல. பணம் வந்தது நல்லதுதான், இல்லைங்கல்ல. ஆனா அதுக்கப்புறம் கப்பலைப் பார்த்தா லைட்டை ரெண்டு தரம் அடிச்சுக் காட்டிட்டு விலகிப் போற பழக்கம் எங்களுக்கு வந்துட்டு. மீன் இருக்கிற இடத்தை விட்டுட்டுப் போறோம், பயந்து.

கொல்லங்கோட்டு மகள்

அண்ணன்மாருக்கு வணக்கம். எல்லாரும் இந்தப் பக்கத்துக் கடலையே சொல்றீங்க. என் வீட்டுக்காரர் ஈரான்ல ஒப்பந்தத்துக்கு மீன்பிடிக்கப் போனவர். நம்ம ஊர்ல வீட்டுக்கு ஒருத்தர் ஈரான், பஹ்ரைன், கத்தார், சவுதின்னு இருக்காங்க. 2020 கொரோனா சமயம் மாசக்கணக்கா அங்கேயே கிடந்தாங்க. ஜூலை மாசம் ஜலஷ்வாங்கிற கடற்படைக் கப்பல் பந்தர் அப்பாஸ்லேர்ந்து தூத்துக்குடிக்கு 687 பேரைக் கூட்டிட்டு வந்துது. என் வீட்டுக்காரர் அதுல இருந்தார். இறங்கினதும் போன் பண்ணி "கரை தெரியுது"ன்னு மட்டும் சொன்னார், அப்புறம் பேச்சு வரல்ல அவருக்கு.

திரும்பவும் போனார். கடன் இருந்துது. 2025 ஜூன்ல இஸ்ரேல் குண்டு போட்டப்போ மறுபடி அங்கே. ராத்திரி வானத்துல என்னவோ போகுதுன்னு வீடியோ அனுப்பினார். அப்புறம் ரெண்டு நாள் நெட் இல்லை. அந்த ரெண்டு நாள் நான் அடுப்பு பத்த வைக்கல்ல, பிள்ளைங்களுக்கு அக்கா வீட்ல சோறு.

மாணவன் தம்பி, நாடு பத்திரமா இருக்கணும்னு சொன்னீங்க, சரிதான். எங்க வீட்டுக்கு அந்த "நாடு"ங்கிறது பந்தர் அப்பாஸ்ல வந்து நின்ன ஒரு கப்பல். அங்க ஹோர்முஸ் ஜலசந்தியில என்ன நடந்தாலும் முதல்ல எங்க தெருவுலதான் தெரியும்.

புலியூர்க்குறிச்சி மாணவன்

அக்கா, மன்னிச்சுக்கோங்க. "அப்புறம்தான் போட்டு"ன்னு எழுதினது தப்பு, திரும்ப எடுத்துக்கிறேன்.

புத்தகத்தை மறுபடி புரட்டினேன். குவாட் 2007இல் தொடங்கிச்சுன்னு எழுதினேன், ஆனா அதன் வேர் 2004 டிசம்பர் 26. சுனாமி அடிச்சதும் இந்தியா, அமெரிக்கா, ஜப்பான், ஆஸ்திரேலியா நாலும்தான் மீட்பு வேலைக்குன்னு முதல்ல ஒண்ணா சேர்ந்தாங்க. நம்ம குளச்சல்ல ஆள் தேடிக்கிட்டிருந்த அதே வாரம் நம்ம கடற்படை இலங்கைக்கும் மாலத்தீவுக்கும் இந்தோனேசியாவுக்கும் போயிருக்கு. தன் கரையே அடிபட்ட நிலையில இன்னொருத்தன் கரைக்குப் போன கப்பல்கள் அவை. அந்த நாலு பேரோட பேச்சுதான் பின்னால பாதுகாப்புப் பேச்சு ஆச்சு.

பாறசாலை வாத்தியார்

அந்த வாரம் நான் குளச்சலில் இருந்தேன் தம்பி. கடலோரமாக ஓடும் ஏ.வி.எம் கால்வாயில் தண்ணீரும் மணலும் நிரம்பிக் கிடந்தது. கடலிலிருந்து தப்பி ஓடியவர்களைக் கால்வாய் மடக்கிப் போட்டுவிட்டது. அன்றைக்கு யார் எந்தக் கொடியோடு வந்தார்கள் என்று ஒருவரும் பார்க்கவில்லை. களியக்காவிளையைத் தாண்டிக் கேரளத்திலிருந்து அரிசியும் துணியும் லாரி லாரியாக வந்தது. எல்லையில் யாரும் நிறுத்திக் கேட்கவில்லை.

ஆனால் அந்த நால்வர் குழு சில நாட்கள்தான் இருந்தது. ஜனவரி முதல் வாரத்திலேயே ஐ.நா. கையில் ஒப்படைத்துவிட்டுக் கலைந்தது. மீட்பதற்காகச் சேர்ந்த கை பிறகு சீனாவைக் கணக்குப் பார்க்கும் கையாக மாறியதில்தான் என் வருத்தம். கணக்குப் பார்க்கவே கூடாது என்று சொல்லவில்லை. 1954இல் சீனாவோடு பஞ்சசீல ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டு எட்டே வருஷத்தில் போர் வந்ததைக் கண்ட தலைமுறைக்குப் பிறந்தவன் நான். ஆனாலும் முதல் வேலையை மறந்துவிட்டார்களே என்கிறேன்.

கொச்சி ஹார்பர் தரகன்

ஊர் மார்த்தாண்டன்துறை, தொழில் கொச்சியில். ஒரு விஷயம் விட்டுப் போகுது.

2025 மே 25, எம்.எஸ்.சி எல்சா 3. விழிஞ்ஞத்துலேர்ந்து கொச்சிக்கு வந்துக்கிட்டிருந்த லைபீரியக் கொடிக் கப்பல். 600க்கு மேல கண்டெய்னரோட கவிழ்ந்து முங்கிப் போச்சு. 24 பேரையும் காப்பாத்திட்டாங்க, அது பெரிய காரியம். ஆனா நாலஞ்சு நாள்ல நம்ம கரை முழுக்க வெள்ளைக் குருணை. பிளாஸ்டிக் குருணை. பச்சரிசியைக் கொட்டின மாதிரி. கையால அள்ளினா மணல்தான் ஜாஸ்தி வரும், குருணை விரலிடுக்குல நழுவும். முறத்துல புடைச்சாங்க, சல்லடை வச்சு அரிச்சாங்க. மறுநாள் ஏத்தத்துல அதே அளவு திரும்பக் கிடக்கும். கொச்சியில மீன் ஏலத்துக்கு ஆள் வரல்ல. "எண்ணெய்க் கடல் மீன்"னு பேச்சு. சூரை விலை படுத்துட்டு.

ரெண்டே வாரத்துல வான் ஹாய் 503, தீப்பிடிச்சுது. சிங்கப்பூர்க் கொடி, கொழும்புலேர்ந்து மும்பை போறது. நாலு பேரைக் காணல்ல.

இதுக்கு முன்னாலேயே 2021ல கொழும்பு வாசல்ல எக்ஸ்பிரஸ் பேர்ள் எரிஞ்சு முங்கினப்போ இதே குருணை இலங்கைக் கரையில. அப்போ தீயணைக்க நம்ம கடலோரக் காவல்படைக் கப்பல் போச்சு. அங்க நாலு வருஷமா அரிச்சு எடுத்தவங்களுக்குத் தெரிஞ்சது என்னன்னு இங்க யாராவது கேட்டிருந்தா, முதல் நாளே வழி தெரிஞ்சிருக்கும். ரெண்டு கரைக்கும் ஒரே குருணை, ஒரே நீவாடு (நீரோட்டம்). பாதுகாப்பு மாநாடுன்னா அதுல குருணைக்கும் ஒரு நாற்காலி வேணும்.

பூவார் கப்பல்காரன்

தரகரே, இதோடு ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒத்துழைப்பு நடக்காது என்று சொல்வோர்க்கு என் கண்ணால் பார்த்த பதில். ஏடன் வளைகுடாவில் கொள்ளையர் காலத்தில் இந்தியா, சீனா, ஜப்பான் மூன்றும் தனித்தனியே காவல் கப்பல் அனுப்பின. ஒரே நாளில் மூணு காவலும் சேர்ந்து கிளம்பும், அடுத்த ரெண்டு நாள் ஒன்றும் இருக்காது. 2012இல் மூன்று கடற்படையும் உட்கார்ந்து அட்டவணையை ஒத்துப் பார்த்துப் பிரித்துக்கொண்டன. இன்று சீனக் காவல், நாளை மறுநாள் இந்தியக் காவல் என்று எங்கள் கேப்டன் மேஜையில் பட்டியல் இருக்கும். சீனக் காவல் கப்பலுக்குப் பின்னால் இந்திய மாலுமிகள் போயிருக்கிறோம். எல்லையில் முறைத்துக்கொண்டிருந்த நாடுகள்தான்.

அங்கே பெரிய ஒப்பந்தம் இல்லை, கொடி அசைத்தல் இல்லை. ஒரு கால அட்டவணை, ஒரு ரேடியோ சானல். அவ்வளவுதான் வேண்டியிருந்தது.

புலியூர்க்குறிச்சி மாணவன்

இதை மறுக்கல்ல அண்ணே. ஆனா கொள்ளையனை விரட்ட வந்த கப்பல்தான் பின்னால ஜிபூட்டியில தளமா நின்னுடுச்சு. உதவின்னு வர்றவன் கடலடி ஆழத்தையும் அளந்துட்டுப் போவான், அது நாளைக்கு நீர்மூழ்கிக்கு வழி. அதனாலதான் இலங்கையே 2024 முழுக்க வெளிநாட்டு ஆய்வுக் கப்பலுக்குத் தடை போட்டது. கதவைத் திறக்கணும், ஆனா யாருக்கு எவ்வளவுன்னு பார்க்கணும். இதுல நான் மாறல்ல.

நீரோடி ஸ்ராங்க்

மாணவன் தம்பி சொல்றதையும் தள்ள மாட்டேன். கடல்ல இருந்தவனுக்குச் சந்தேகம் வேணும். ஆனா சந்தேகம் யார் தலையில விடியுதுன்னு பாருங்க.

2008ல மும்பையில சுட்டவனுங்க குபேர்ங்கிற குஜராத் மீன்போட்டைப் பிடிச்சு, அதுல இருந்தவங்களைக் கொன்னுட்டு, அதுலதான் வந்தானுங்க. செத்ததும் மீன்பிடிக்கிறவன்தான். அதுக்கப்புறம் சட்டம் எல்லாம் வந்துது. அடையாள அட்டை, போட்டுக்கு நிறம், கரைக்கு வந்தா சோதனை. ஒத்துக்கிட்டோம். துராயா, இரிடியம் சாட்டிலைட் போன் கூடாதுன்னாங்க, தீவிரவாதி வச்சிருந்தானாம். அதுவும் சரி. ஆனா 300 மைல் போறவன் எதுல பேசுவான்னு யாரும் கேக்கல்ல.

2017 நவம்பர் 30. ஒக்கி புயல். கரையிலிருந்த வள்ளத்துக்காவது கடைசி நேரத்துல சேதி கிடைச்சுது. தங்கல் போனவங்களுக்கு ஒண்ணும் எட்டல்ல. அந்த ராத்திரி நான் லட்சத்தீவுக்கு இந்தப் பக்கம். காத்து திசை மாத்தி மாத்தி அடிச்சுது, கச்சானா வாடையான்னு பிடிபடல்ல. இன்ஜினை நிறுத்தாம முகப்பை அலைக்குக் குடுத்துக்கிட்டே ரெண்டு ராத்திரி. வி.எச்.எஃப்ல எங்க வள்ளவிளைப் போட்டு ஒண்ணு கூப்பிட்டுது. "அண்ணே, தண்ணி ஏறுது, எங்க நிக்கீங்க?" இடம் சொன்னேன். ரெண்டாம் தரம் கூப்பிட்டுது. மூணாம் தரம் சத்தம் இல்லை. எத்தனை மைல்ல இருந்தாங்கன்னு எனக்குத் தெரியும், பதினஞ்சுக்குள்ள. என்னால திரும்ப முடியல்ல, திரும்பினா அலை விலாவுல அடிச்சுப் புரட்டியிருக்கும். அந்த நேரம் மேல வரிசையா கப்பல் போற வழி அது. ஒரு கப்பல்காரனுக்குக் கேட்டிருந்தா?

அந்தக் குரல் இன்னும் ஓர்மையில இருக்கு. அதனாலதான் இந்த இழையே தொடங்கினேன்.

இப்ப சாட்டிலைட் வழியா சேதி அனுப்புற இஸ்ரோ டிரான்ஸ்பாண்டர் வந்திருக்கு, அவசரப் பொத்தான் இருக்கு, கரையிலேர்ந்து சேதியும் வரும். மருமகன் போட்டுல வச்சிருக்கான், நன்றி சொல்லணும். ஆனா அது நம்ம கரைக்குத்தான் பேசும். மாலத்தீவுக்காரன் 30 மைல்ல இருப்பான், அவனுக்குக் கேக்காது. டீகோ கார்சியா தீவுப் பக்கம் போனவங்களை இங்கிலாந்துக்காரன் பிடிச்சு வச்ச கதை எங்க கரையில நிறைய இருக்கு. இங்கேர்ந்து ஏறக்குறைய 1,800 கிலோமீட்டர். மீன் போன வழி போனவங்க. 2025 மே மாசம் அது இருக்கிற சாகோஸ் தீவுக் கூட்டத்தை மொரிஷியஸுக்குக் குடுக்க ஒப்பந்தம் போட்டாங்க, டீகோ கார்சியா மட்டும் 99 வருஷம் தளமா இருக்குமாம். மொரிஷியஸ் கொழும்பு மாநாட்டுல இருக்குன்னு தம்பி எழுதியிருக்கார். அப்போ நம்ம ஆள் யாராவது அந்த மேஜையில எங்க போட்டைப் பத்திப் பேசலாம் இல்லையா? எல்லை தாண்டக் கூடாதுன்னு சொல்றது நியாயம்தான். புயல்ல ஒதுங்க எந்தத் தீவு எங்களை உள்ள விடும்ங்கிறதையாவது எழுதி வைக்கலாமே.

பூவார் கப்பல்காரன்

அண்ணே, இதற்கு அடிப்படை ஏற்கனவே இருக்கிறது. எந்தக் கடலில் யார் மீட்க வேண்டும் என்று 1979 ஹாம்பர்க் ஒப்பந்தத்தின்படி பிரித்திருக்கிறார்கள். மும்பை, கொழும்பு, மாலே என்று மையங்கள் உண்டு. கொழும்பு மாநாட்டின் முதல் தூணே கடல் பாதுகாப்புதான், பேரிடர் உதவியும் அதில் ஒரு தூண். புதுசாகக் கேட்க வேண்டியது இல்லை, இருக்கிற வாசலைத் தட்ட வேண்டும். போட்டின் பொத்தான் அமுங்கினால் அந்தச் சேதி கொழும்புக்கும் மாலேக்கும் பக்கத்துக் கப்பலுக்கும் அதே நிமிஷம் போகவேண்டும். இதை ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுக்க நான் தயார். மனுவுக்குள் ஏ.ஐ.எஸ் கருவி விலையையும் சேர்ப்போம், மானியம் கேட்க.

கொல்லங்கோட்டு மகள்

வெளிநாட்டுக் கூலிக்குப் போனவங்களையும் சேர்க்கணும் அண்ணே. யார் எந்த நாட்டுல, எந்த முதலாளி போட்டுல இருக்காங்கன்னு பதிவேடு வேணும். 2020லயும் 2025லயும் நாங்கதான் பேர் எழுதிக்கிட்டு ஆபீஸ் ஆபீஸா நடந்தோம். எங்க தெருவுப் பட்டியல் நோட்டுல இருக்கு. 41 பேர். நான் தட்டச்சு பண்ணித் தர்றேன்.

பாறசாலை வாத்தியார்

தமிழிலும் மலையாளத்திலும் போடுங்கள். பொழியூர்க்காரர்களும் அதே கடலுக்குப் போகிறவர்கள். தடைக்காலம்தான் ரெண்டு மாநிலத்துக்கும் ரெண்டு கணக்கு, புயல் ஒன்றுதான். மலையாளம் நான் பார்த்துக்கொள்கிறேன்.

புலியூர்க்குறிச்சி மாணவன்

வாத்தியார் சார், வெளியுறவு அமைச்சகத்துக்குப் போற பகுதியை நான் வரைவு எழுதட்டுமா? மாநாட்டின் தூண்களைச் சொல்லியே கேட்போம், அப்பதான் தள்ள முடியாது. ஆய்வுக் கப்பல் பத்தி என் கருத்தை இதில் கலக்க மாட்டேன்.

நீரோடி ஸ்ராங்க்

எழுதுங்க தம்பி. நாகர்கோவில்ல கலெக்டர் ஆபீஸ் மீனவர் குறைதீர்க்கும் கூட்டத்துக்கு நான் கொண்டு போறேன். வள்ளவிளை, சின்னத்துறை, பூத்துறைன்னு ஸ்ராங்குமார் கையெழுத்து வாங்க ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு நிக்கிறேன். மருமகன் செவ்வாய் ராத்திரி தேங்காய்ப்பட்டணத்துலேர்ந்து கிளம்புறான், 40 நாள் தங்கல். அதுக்கு முன்ன அவன் கையெழுத்தும் வேணும். கப்பல்காரத் தம்பி, கடல்ல இருக்கும்போது அவசரத்துக்குக் கூப்பிடுற ரேடியோ 16ஆம் சானலை இரவுல யாராவது கேட்டுக்கிட்டே இருப்பாங்களான்னு உங்க கூட்டாளிங்க கிட்டயும் விசாரிச்சுச் சொல்லுங்க. மருமகன் போட்டு பச்சை நிறம், முகப்புல வெள்ளைப் பட்டை.